அக்கா வாங்க முடியாத நிதி

காலை நிகழ்ச்சியை முடித்து ஒலிபரப்புக் கூடத்தைவிட்டு நான் வெளியே வரும்போது மணி பத்தாகிவிடும். குளிர்காலமென்றால் பிரிட்டனில் அப்போது அதிகாலை இரண்டு மணி. அங்கே ஒரு மருத்துவமனையில் தாதியாக இரவு வேலை பார்க்கும் என் அக்காவுக்கு அது இடைவேளை நேரம். ஒரு கையில் தேநீர், மறு கையில் கைப்பேசி என்று அழைப்பாள். 2019ல் அவள் சிங்கப்பூரைவிட்டுப் போனதிலிருந்து எங்கள் பேச்சுவார்த்தை எல்லாம் அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள்தான். அம்மாவின் முழங்கால் வலி, என் மகளின் பள்ளிக்கூடம், அத்தானின் புதிய சமையல் முயற்சி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

சென்ற ஆண்டு ஜனவரியில் ஒருநாள் அவள் நலம்கூட விசாரிக்கவில்லை. எடுத்த எடுப்பில் கேட்டாள்.

"ஏன்டி, நீ வாங்கச் சொன்ன அமெரிக்க இடிஎஃப்பை இங்க என்னால வாங்கவே முடியலையே, ஏன்?"

"பணம் போதலையா?"

"பணமெல்லாம் இருக்கு. ஏதோ ஆவணம் இல்லையாம். அதனால வாங்க அனுமதி இல்லைன்னு சிவப்பு எழுத்துல வருது. என் கணக்குல ஏதாவது கோளாறா? இல்ல, நான் சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுங்கிறதாலயா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "பார்த்துச் சொல்றேன்க்கா" என்றேன். தினமும் காலையில் ஆயிரக்கணக்கானவர்களிடம் தயங்காமல் பேசுகிற எனக்கு அந்த ஒரு வாக்கியம்தான் வந்தது.

அந்த நிதியை அவளுக்கு அறிமுகப்படுத்தியவளே நான்தான். அப்பா இறந்தபோது நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். ஊடகத்துறைப் பட்டப்படிப்புக்கு நான் ஆசைப்பட்டபோது, "வானொலியில பேசறதுக்கு டிகிரி எதுக்கு?" என்று உறவினர்கள் கேட்டார்கள். அக்கா ஒன்றும் சொல்லாமல் கூடுதல் நேர வேலை செய்து கட்டணத்தைக் கட்டினாள். அந்தக் கடனை எப்படித் திருப்பித் தருவது என்று எனக்குத் தெரியவில்லை. வேலையில் சேர்ந்து, முதலீட்டைப் பற்றி நாலு புத்தகம் படித்த பிறகு, எனக்குத் தெரிந்ததை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தால் அது ஒரு சிறு கைம்மாறாக இருக்கும் என்று நினைத்தேன். 2018ல் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஓர் அனைத்துலகத் தரகு நிறுவனத்தில் கணக்குத் திறந்து, அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களின் பங்குகளை ஒரே கூடையில் தரும் ஓர் அமெரிக்க இடிஎஃப்பை வாங்கவைத்தேன்.

இடிஎஃப் என்பது பங்குச் சந்தையில் ஒரு பங்கைப் போலவே வாங்கி விற்கக்கூடிய நிதி. எஸ் அண்ட் பி 500 போன்ற ஒரு குறியீட்டில் உள்ள நிறுவனங்களை அது மொத்தமாக வாங்கி வைத்திருக்கும். எந்த நிறுவனம் ஜெயிக்கும் என்று நாம் யோசிக்கத் தேவையில்லை. கட்டணமும் மிகக் குறைவு. வேன்கார்டு நிறுவனத்தின் விஓஓ என்ற அமெரிக்க நிதிக்கு ஆண்டுக் கட்டணம் 0.03 விழுக்காடுதான். பத்தாயிரம் டாலருக்கு மூன்று டாலர். ஆங்கில முதலீட்டுப் புத்தகங்களில் பாதி இந்த அமெரிக்க நிதிகளின் பெயரைச் சொல்லித்தான் முடியும். நானும் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

பிரிட்டன் சென்றபின் வீடு வாங்க முன்பணம் சேர்ப்பதிலேயே அக்காவின் சேமிப்பு போயிற்று. பழைய முதலீடு அப்படியே கிடந்தது. முகவரியை மாற்றியதும் கணக்கு அந்த நிறுவனத்தின் பிரிட்டன் கிளைக்கு மாறியிருக்கிறது. வீடு வாங்கி முடித்து, மாதம் 300 பவுண்டு போடலாம் என்று அவள் மறுபடி செயலியைத் திறந்தபோதுதான் அந்தச் சிவப்பு எழுத்து வந்திருக்கிறது.

மூன்று பக்கத் தாள்

அன்று மதியம் முழுக்கத் தேடிப் படித்தேன். காரணம் அக்காவின் கணக்கும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஜனவரி முதல் நாள் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. பிரிப்ஸ் என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். சாதாரண முதலீட்டாளர்களுக்கு ஒரு நிதியை விற்க வேண்டுமானால், அதைப் பற்றி ஒரே மாதிரி அமைப்பில், மூன்று பக்கத்துக்கு மிகாமல் ஒரு முக்கியத் தகவல் ஆவணம் தரவேண்டும். இழப்பு அபாயம் 1 முதல் 7 வரையிலான அளவுகோலில் எந்த எண்ணில் இருக்கிறது, செலவு எவ்வளவு, நல்ல காலத்திலும் கெட்ட காலத்திலும் பணம் என்னவாகலாம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அப்போது பிரிட்டன் ஒன்றியத்தில் இருந்தது. வெளியேறிய பிறகும் அந்த விதியைத் தன் சட்டத்தில் வைத்துக்கொண்டது. இப்போது அதற்குப் பதிலாகத் தன் சொந்த ஏற்பாட்டைக் கொண்டுவருகிறது.

அமெரிக்க நிதி நிறுவனங்கள் தங்கள் அமெரிக்க இடிஎஃப்களுக்கு அந்த ஆவணத்தைத் தயாரிப்பதில்லை. உள்நாட்டிலேயே அவர்களுக்குப் போதுமான வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். எதிர்காலத்தில் எவ்வளவு கிடைக்கலாம் என்று கணித்து எழுதுவது அமெரிக்க விதிகளோடு எளிதில் ஒத்துப்போவதும் இல்லை. ஆவணம் இல்லாததால் பிரிட்டனில் உள்ள தரகு நிறுவனங்கள் அவற்றைச் சாதாரண முதலீட்டாளருக்கு விற்க முடியாது. ஏற்கெனவே வைத்திருப்பதை வைத்துக்கொள்ளலாம், விற்கலாம். புதிதாக வாங்கத்தான் வழியில்லை.

வானொலியில் இருப்பவளுக்கு இது புதிதல்ல. இணையத்தில் பாட்டுத் தேடும்போது 'உங்கள் வட்டாரத்தில் இது கிடைக்காது' என்று வரும். பாட்டில் குறையிருக்காது. அந்த நாட்டுக்கான உரிமைப் பத்திரம் கையெழுத்தாகியிருக்காது, அவ்வளவுதான். மறுநாள் அக்காவிடம் அப்படித்தான் விளக்கினேன்.

"அப்போ நான் என்ன செய்யணும்? இங்க வங்கியில கேட்டேன். அவங்க ஒரு ஃபண்டு காட்டினாங்க. வருஷத்துக்கு ஒன்றரை விழுக்காடு கட்டணமாம்."

ஒன்றரை விழுக்காடு என்றால் விஓஓவின் கட்டணத்தைப்போல ஐம்பது மடங்கு. "கையெழுத்துப் போட்டுடாதேக்கா. இன்னும் ரெண்டு நாள் பொறு" என்றேன்.

அயர்லாந்தில் பிறந்த இரட்டை

வழி அவள் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. அமெரிக்க நிதிகளை நடத்தும் அதே வேன்கார்டு, பிளாக்ராக், இன்வெஸ்கோ போன்ற நிறுவனங்கள் ஐரோப்பிய முதலீட்டாளர்களுக்காக அயர்லாந்தில் தனி நிதிகளைப் பதிவுசெய்து நடத்துகின்றன. 1985ல் ஐரோப்பா வகுத்த பொது விதிகளின்படி அமைந்தவை அவை. பெயரில் யுசிட்ஸ் என்ற சொல் இருக்கும். தகவல் ஆவணமும் இருக்கும். லண்டன் பங்குச் சந்தையில் பவுண்டிலேயே வாங்கலாம்.

அக்காவுக்குச் சந்தேகம். "அயர்லாந்து கம்பெனிங்களையா வாங்கப் போறேன்?"

இந்தக் குழப்பம் பலருக்கும் வரக்கூடியது. நிதி பதிவாகியிருக்கும் நாடு வேறு, அந்த நிதி வாங்கும் பங்குகளின் நாடு வேறு. டப்ளினில் பதிவான வேன்கார்டு எஸ் அண்ட் பி 500 யுசிட்ஸ் இடிஎஃப்பின் உள்ளேயும் அதே ஆப்பிள், அதே மைக்ரோசாஃப்ட், அதே 500 நிறுவனங்கள்தான். ஆண்டுக் கட்டணம் 0.07 விழுக்காடு. பத்தாயிரத்துக்கு ஏழு. அமெரிக்க நிதியைவிட நான்கு அதிகம், வங்கி காட்டியதைவிட 143 குறைவு.

ஒரு காகிதத்தில் நானே எழுதிப் பார்த்தேன். எஸ் அண்ட் பி 500 வேண்டுமானால் லண்டனில் வேன்கார்டின் வியுஎஸ்ஏ அல்லது வியுஏஜி, பிளாக்ராக் நடத்தும் ஐஷேர்ஸின் சிஎஸ்பிஎக்ஸ். நாஸ்டாக் 100ஐப் பின்பற்றும் க்யுக்யுக்யு என்ற பிரபல அமெரிக்க நிதிக்கு, அதே இன்வெஸ்கோ நடத்தும் ஈக்யுக்யுக்யு. உலகம் முழுவதையும் தழுவும் விடி என்ற அமெரிக்க நிதிக்கு நெருக்கமானது வேன்கார்டின் ஆல் வேர்ல்டு நிதி, லண்டனில் விடபிள்யுஆர்எல் அல்லது விடபிள்யுஆர்பி. ஆனால் இவை முழுக்க ஒன்றல்ல. விடியில் சிறிய நிறுவனங்களும் உண்டு. ஆல் வேர்ல்டில் பெரிய, நடுத்தர நிறுவனங்கள் மட்டும்தான். சிறியவையும் வேண்டுமென்றால் பிரிட்டனிலேயே பதிவான வேன்கார்டின் குளோபல் ஆல் கேப் நிதி இருக்கிறது. அது இடிஎஃப் அல்ல, நேரடியாக வாங்கும் குறியீட்டு நிதி. அமெரிக்கச் சந்தையின் பெரிதும் சிறிதுமான அத்தனை நிறுவனங்களையும் வைத்திருக்கும் விடிஐ என்ற நிதிக்கு வேன்கார்டு லண்டனில் இரட்டை வைத்திருக்கவில்லை. ஆனால் எஸ் அண்ட் பி 500 நிறுவனங்களே அந்தச் சந்தையின் மதிப்பில் ஏறத்தாழ எண்பது விழுக்காடு. நீண்டகாலம் சேமிக்கும் ஒரு தாதிக்கு அந்த வேறுபாடு தூக்கத்தைக் கெடுக்க வேண்டியதில்லை.

பென்சும் பவுண்டும்

பெயர்கள் கிடைத்துவிட்டன என்று நினைத்தால், அடுத்த வார அழைப்பில் அக்காவின் குரல் உயர்ந்திருந்தது.

"ஒரு யூனிட் விலை அம்பதாயிரம் கிட்ட வருதுடி! வீடே வாங்கிடலாம் போலிருக்கு!"

அவள் திறந்திருந்தது சிஎஸ்பி1. சிஎஸ்பிஎக்ஸும் அதுவும் ஒரே நிதி. ஒன்று அமெரிக்க டாலரில் விலை சொல்லும், மற்றது பென்சில் சொல்லும். லண்டன் சந்தையில் பலவற்றின் விலையைப் பவுண்டில் சொல்லாமல் பென்சில்தான் சொல்கிறார்கள். நூறு பென்ஸ் ஒரு பவுண்டு. அந்த ஐம்பதாயிரம் உண்மையில் ஐந்நூறு பவுண்டுதான். இருவரும் சிரித்து முடிப்பதற்குள் அவளுடைய இடைவேளையில் பாதி போய்விட்டது.

ஒரே நிதிக்கு இரண்டு மூன்று குறியீடுகள் இருப்பதில் கவனிக்க வேண்டியது உண்டு. பவுண்டில் சம்பளம் வாங்குபவர் டாலரில் விலை சொல்லும் குறியீட்டை வாங்கினால், தரகு நிறுவனம் நாணய மாற்றுக் கட்டணம் பிடிக்கும். பவுண்டில் உள்ளதை வாங்கினால் அது மிச்சம். அதற்காக டாலர் ஏற்ற இறக்கத்திலிருந்து தப்பித்துவிட்டோம் என்று நினைக்கக்கூடாது. உள்ளே இருப்பவை அமெரிக்க நிறுவனங்கள்தான். டாலர் சரிந்தால் பவுண்டில் மதிப்பும் சரியும்.

இன்னொரு வேறுபாடு ஈவுத்தொகையில். வியுஎஸ்ஏ ஈவுத்தொகையைக் கணக்கில் போடும். வியுஏஜி அதைக் கையில் தராமல் நிதிக்குள்ளேயே மறுமுதலீடு செய்யும். அக்காவுக்கு இரண்டாவது பிடித்தது. "கையில கொடுத்தா செலவு பண்ணிடுவேன்" என்றாள்.

ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. சாதாரணக் கணக்கில் வைத்திருந்தால், கையில் வராத அந்த ஈவுத்தொகைக்கும் பிரிட்டனில் வரிக்கணக்கு காட்ட வேண்டும். அதிலிருந்து காப்பாற்றுவது ஐசா என்ற கணக்கு. ஓர் ஆண்டுக்கு 20,000 பவுண்டு வரை அதில் போடலாம். உள்ளே வளரும் தொகைக்கும், ஈவுத்தொகைக்கும், விற்கும்போது வரும் ஆதாயத்துக்கும் பிரிட்டனில் வரி கிடையாது. நம் மசெநிதியைப் போல வயதுவரம்பும் இல்லை, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். ஆறு ஆண்டுகள் அங்கே வரி கட்டியும் அக்கா அதைத் திறக்கவில்லை. "அது வங்கிச் சேமிப்புக் கணக்குன்னு நெனச்சேன்" என்றாள். பங்குகளையும் நிதிகளையும் வைத்துக்கொள்ளும் ஐசாவும் இருப்பது அவளுக்குத் தெரியாது.

அவளிடமிருந்த பழைய அமெரிக்க நிதியை என்ன செய்வது? ஐசாவுக்குள் அதை அப்படியே தூக்கிப் போட முடியாது. விற்றுப் பணமாக்கித்தான் கொண்டுபோக வேண்டும். விற்றால் மூலதன ஆதாய வரி. பிரிட்டனில் இப்போது ஆண்டுக்கு 3,000 பவுண்டு ஆதாயம் வரைதான் விலக்கு. சில ஆண்டுகளுக்கு முன்பு அது 12,300 பவுண்டாக இருந்தது. அதற்கு மேலுள்ள ஆதாயத்துக்கு வருமானத்தைப் பொறுத்து 18 அல்லது 24 விழுக்காடு. சிங்கப்பூரில் இருந்தபோது வளர்ந்த பகுதியும் கணக்கில் சேரும். வாங்கிய விலையை அன்றைய நாணய மாற்று விகிதத்தில் பவுண்டாக மாற்ற வேண்டும் என்பதால், 2018ல் வந்த மின்னஞ்சல்களை அவள் தேடியெடுத்தாள்.

அதற்கும் முன்னால் சரிபார்க்க வேண்டியது ஒன்று இருந்தது. வெளிநாட்டில் பதிவான ஒரு நிதி, கணக்கு ஒப்படைக்கும் நிதி என்று பிரிட்டிஷ் வரித்துறையின் பட்டியலில் இருக்க வேண்டும். இல்லையென்றால் விற்றுவரும் ஆதாயத்தை மூலதன ஆதாயமாகப் பார்க்காமல் வருமானமாகவே பார்த்து, அதிக விகிதத்தில் வரி போடுவார்கள். அக்காவின் நிதி பட்டியலில் இருந்தது. அந்தப் பட்டியலைக் கண்டுபிடித்தவர் அத்தான். அன்றைக்கு அவர் சமையலைப் பற்றி நாங்கள் கேலி பேசவில்லை.

அவளுடைய மொத்த ஆதாயம் ஐயாயிரத்துச் சொச்சம் பவுண்டு. பிரிட்டனின் வரியாண்டு ஏப்ரல் 6ஆம் தேதி தொடங்குகிறது, நம் சித்திரைப் புத்தாண்டுக்கு எட்டு நாள் முன்பு. மார்ச்சில் பாதியையும் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் மீதியையும் விற்றாள். இரண்டு ஆண்டுகளின் விலக்கும் கிடைத்தது. ஒரு பென்ஸ்கூட வரி கட்டவில்லை. பணம் ஐசாவுக்குப் போய் வியுஏஜி ஆனது.

என் பக்கம் திரும்பிய கேள்வி

இதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். மார்ச்சில் விற்பதற்கு முன்பு அக்கா தன் கணக்கின் படம் ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தாள். அதில் கடைசியாக வந்த ஈவுத்தொகையும் வரிப்பிடித்தமும் இருந்தன. சில நாள் கழித்து அழைத்தாள்.

"எனக்கு அமெரிக்க வரி 15 விழுக்காடு பிடிச்சிருக்காங்க. உனக்கு எவ்வளவு?"

நானும் அதே நிதியைத்தான் வைத்திருந்தேன். அதே நாளில் எனக்கும் ஈவுத்தொகை வந்திருந்தது. திறந்து பார்த்தேன். 30 விழுக்காடு.

ஏழு ஆண்டுகளாக அந்த வரி என் கண்முன்னேயே இருந்தது. தொகை சிறியது என்று நான் நின்று பார்த்ததில்லை. வெளிநாட்டவருக்குத் தரும் ஈவுத்தொகையில் அமெரிக்கா பொதுவாக 30 விழுக்காடு பிடித்துக்கொள்ளும். வரி உடன்பாடு செய்துகொண்ட நாட்டவருக்குக் குறையும். பிரிட்டனுக்கு உண்டு, எனவே அக்காவுக்கு 15. சிங்கப்பூருக்கு அப்படியொரு முழுமையான வரி உடன்பாடு அமெரிக்காவுடன் இல்லை. அயர்லாந்துக்கு உண்டு. அங்கே பதிவான நிதிக்கு அமெரிக்க நிறுவனங்கள் ஈவுத்தொகை தரும்போது 15 விழுக்காடுதான் பிடிபடும். அந்த நிதியை வைத்திருக்கும் நம்மிடம் அயர்லாந்து மேற்கொண்டு பிடிப்பதில்லை.

கணக்கிட்டுப் பார்த்தேன். 100,000 டாலர் முதலீட்டுக்கு ஆண்டில் 1.3 விழுக்காடு ஈவுத்தொகை என்று வைத்துக்கொள்வோம், 1,300 டாலர். அமெரிக்க நிதியில் 390 போகும், அயர்லாந்து நிதியில் 195. ஆண்டுக் கட்டணம் முறையே 30, 70. கட்டணத்தில் 40 டாலர் மிச்சப்படுத்துவதாக நினைத்து வரியில் 195 டாலரைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அக்கா வாங்க முடியாமல் போன நிதியை நான் வாங்காமலே இருந்திருக்கலாம்.

அதைவிடப் பெரியது அன்று மாலை படித்தது. இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்துக்கு அமெரிக்காவில் எஸ்டேட் வரி உண்டு. சிங்கப்பூர் அந்த வரியை 2008 பிப்ரவரியில் நீக்கிவிட்டது. ஆனால் அமெரிக்காவில் பதிவான பங்குகளையும் நிதிகளையும் வைத்திருக்கும் வெளிநாட்டவர் இறந்தால், எங்கே வாழ்ந்திருந்தாலும் அமெரிக்கா தன் பங்கைக் கேட்கும். சொந்தக் குடிமக்களுக்குப் பல மில்லியன் டாலர் வரை விலக்கு. உடன்பாடு இல்லாத நாட்டவருக்கு 60,000 டாலர் வரை மட்டும். அதற்கு மேல் போகப்போக விகிதம் ஏறி, உச்சத்தில் 40 விழுக்காடு. 90,000 டாலர் வைத்திருப்பவர் இறந்தால் ஏறத்தாழ 8,000 டாலர் வரி. ஒன்பது மாதத்துக்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும். அமெரிக்க வரித்துறையின் சான்றிதழ் வரும்வரை தரகு நிறுவனம் பணத்தை விடுவிக்காமல் வைத்திருக்கலாம்.

பிரிட்டனுக்கு இந்த வரிக்கும் அமெரிக்காவுடன் உடன்பாடு உண்டு. அங்கேயே வேரூன்றிவிட்ட அக்காவுக்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை. எனக்கு இருந்தது. என்னிடம் இருந்தது 52,000 டாலர். மாதாமாதம் போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு எனக்கு அப்பா இறந்த வாரம் நினைவுக்கு வந்தது. எங்களுக்கென்று பெரிய சொத்து எதுவும் இல்லை. ஒரு வங்கிக் கணக்கும் ஒரு காப்புறுதியும்தான். அதற்கே அம்மா, கணக்குப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு எத்தனை முகப்புகளில் நின்றார் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு முகப்பிலும் இன்னொரு தாள் கேட்டார்கள். எனக்கு ஏதாவது ஆனால், என் கணவரும் மகளும் வேறொரு நாட்டின் வரித்துறைக்கு ஆங்கிலத்தில் படிவம் நிரப்பிக்கொண்டு நிற்பார்கள். மகளுக்காகச் சேர்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே அதைச் செய்திருக்கிறேன்.

சிங்கப்பூரில் மூலதன ஆதாய வரி இல்லாததால் என் வேலை அக்காவுடையதைவிட எளிதாக இருந்தது. அமெரிக்க நிதியை விற்று, லண்டனில் பட்டியலிட்ட அயர்லாந்து நிதியை வாங்கினேன். தரகுக் கட்டணம் அமெரிக்கச் சந்தையைவிடச் சற்று அதிகம். அதனால் மாதம் ஒருமுறை வாங்கியதை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாக மாற்றிக்கொண்டேன்.

நண்பர் ஒருவர் கேட்டார்: "எதுக்கு லண்டன் வரைக்கும் போறே? நம்ம சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையிலேயே எஸ் அண்ட் பி 500 இடிஎஃப் இருக்கே." இருக்கிறதுதான். ஆனால் ஸ்பைடர் என்று அழைக்கப்படும் அந்த நிதி, 1993ல் அமெரிக்காவில் தொடங்கிய அதே நிதிதான். இங்கேயும் பட்டியலிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஷென்டன் வேயில் வாங்கினாலும் அது அமெரிக்க நிதி. அதே 30 விழுக்காடு, அதே எஸ்டேட் வரி. எந்தச் சந்தையில் வாங்குகிறோம் என்பதை வைத்து வரி வருவதில்லை, நிதி எங்கே பதிவாகியிருக்கிறது என்பதை வைத்துத்தான் வருகிறது.

அதைத் தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு. ஒவ்வொரு நிதிக்கும் ஐஎஸ்ஐஎன் என்ற பன்னிரண்டு இலக்கக் குறியீடு இருக்கும். அதன் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகள் நாட்டைச் சொல்லும். 'யு', 'எஸ்' என்று தொடங்கினால் அமெரிக்கா. 'ஐ', 'இ' என்று தொடங்கினால் அயர்லாந்து. 'ஜி', 'பி' என்றால் பிரிட்டன். நிதியின் தகவல் பக்கத்தில் இது கட்டாயம் இருக்கும்.

நான் நிதி ஆலோசகர் அல்ல. 2018ல் அக்காவுக்கு ஆலோசனை சொன்னபோதும் அல்ல, அதை அப்போது ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். பங்குச் சந்தை இறங்கும், சில சமயம் பல ஆண்டுகள் இறங்கியே கிடக்கும். அயர்லாந்தில் பதிவாகியிருப்பதால் அதிலிருந்து தப்ப முடியாது. வரி விதிகளும் மாறிக்கொண்டே இருப்பவை. ஆனால் நம் குடும்பங்கள் இன்று ஒரே நாட்டில் இருப்பதில்லை. தம்பி மெல்பர்னில், மகள் மான்செஸ்டரில், மாமா ஜோகூரில் என்று இருக்கிறோம். ஒருவருக்குப் பலித்த முதலீட்டைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறோம். எனக்கு நல்லதாகத் தெரிந்தது அக்காவுக்குப் பொருந்தவில்லை. அவளுக்குக் கிடைத்தது எனக்கும் பொருந்தியது. அவள் என்றாவது சிங்கப்பூருக்குத் திரும்பினாலும் ஐசாவில் புதிதாகப் பணம் போட முடியாதே தவிர, இருப்பதை வைத்துக்கொள்ளலாம்.

ஏப்ரலில் முதல் முறையாக வியுஏஜி வாங்கியதும் அக்கா அழைத்தாள். அங்கே கோடைகால நேரம் தொடங்கிவிட்டதால் மணி மூன்று. தேநீர் ஆறியிருக்கும்.

"வாங்கிட்டேன். சிவப்பு எழுத்து வரல" என்றாள். பிறகு, "நீ சொல்லித்தான் ஆரம்பிச்சேன், அதுக்கு நன்றிடி. ஆனா இனிமே எதையாவது வாங்கச் சொல்றதுக்கு முன்னாடி, நான் எந்த ஊர்ல இருக்கேன்னு ஒரு தடவை யோசி."

"சரிக்கா" என்றேன்.

அந்த வாரக் கடைசியில் என் கணவரும் நானும் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து, எங்களிடம் உள்ள ஒவ்வொரு முதலீட்டின் பெயர், குறியீடு, பதிவான நாடு, எந்தத் தரகு நிறுவனத்தில் இருக்கிறது என்பதை எழுதினோம். அம்மாவின் காப்புறுதி விவரமும் அதில் இருக்கிறது. ஒரு பக்கத்தைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அவளும் தன்னுடையதை அனுப்பினாள். அத்தானின் கையெழுத்து, மூன்று வரியில் முடிந்திருந்தது.